கழுவிக் காயவைத்த கண்ணாடி

நர்ஸ் தனம் அக்கா கண்ணாடிக் குழாயை எடுத்து மெல்லச் சாய்த்தார். உள்ளே இருந்தது என் ரத்தம். இந்நேரம் அது கெட்டியாகி அடியில் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஒட்டவில்லை. ஒரு பக்கச் சுவரில் வழிந்து விளிம்பு வரை வந்தது. அவர் குழாயை நிமிர்த்தியதும் திரும்ப இறங்கியது. டம்ளரைச் சாய்த்தால் காப்பி ஓடுமே, அப்படி.



முதலில் வாய் திறந்தவர் ஏழுமலை. பாம்பு கடித்துக் கட்டிலில் படுத்திருந்த காசியம்மாளின் கணவர். என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். கடைசியாக என் செருப்பைப் பார்த்தார்.

"இந்தப் பொண்ணயும் பாம்பு கடிச்சிருக்குதா சார்?"

டாக்டர் சிரிக்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், குனிந்து என் கணுக்காலைப் பார்த்தேன்.

அன்று காலையிலிருந்து சொன்னால்தான் இது விளங்கும். அதற்கு முன்னால், இந்தத் தொடரை இந்த வாரம்தான் முதலில் புரட்டுகிறவர்களுக்காக, என் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன்.

டாக்டருக்கே பாடம்

"பொண்ணு இன்னா பண்ணுது?" என்று யாராவது கேட்டால் என் நைனா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்வார்: "டாக்டருங்களுக்கே பாடம் எடுக்குது."

அம்மா உள்ளேயிருந்து திருத்துவார். "பாடமும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஸ்கூட்டர்ல சுத்துது."

அம்மா சொல்வதுதான் உண்மைக்குப் பக்கம். மருத்துவ ஆராய்ச்சியில் ஒரு விஷயம் தெளிவாகிவிடும். இது நல்லது, இது கெடுதல், இப்படிச் செய்தால் ஆள் பிழைப்பார் என்று புத்தகத்தில் ஏறிவிடும். ஆனால் அது செஞ்சியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக் கட்டில் வரைக்கும் வந்து சேர வருஷக் கணக்காகும். சிலது வராமலே போகும். வழியில் எங்கே நின்றுவிட்டது என்று தேடிப் போய், கையைப் பிடித்து அழைத்துவருவது என் வேலை. பொதுச் சுகாதாரம் படித்துவிட்டு ஊரில் நிலைகொள்ளாமல் அலைந்தவளுக்கு ஒரு சிறு தொண்டு அமைப்பு கொடுத்த வேலை. ஸ்கூட்டர் என்னுடையது, பெட்ரோல் அவர்களுடையது.

எங்கள் பக்கத்தில் அந்த வேலையைப் பாம்பிலிருந்துதான் தொடங்க வேண்டியிருந்தது. நெல்லும் மல்லாட்டையும் விளைகிற பூமி. நிலக்கடலை என்று பாடப்புத்தகத்தில் படித்தாலும் எங்கள் வாயில் அது மல்லாட்டைதான். மல்லாட்டை இருந்தால் எலி வரும். எலி வந்தால் அதைத் தேடிக்கொண்டு மற்றவர் வருவார்.

கடிபட்ட காலைத் துண்டால் இறுக்கிக் கட்டாதீர்கள், கட்டினால் கால்தான் கெடும், ஆட்டாமல் அசைக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். இதை நான் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டிருந்தேன். தளவானூர்ப் பக்கம் ஒரு கூட்டத்தில் ஒரு பெரியவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு எழுந்தார்.

"கட்டாம வந்தா எங்க ஊட்டுல திட்டுவாங்க. கட்டினு வந்தா நீ திட்டுவ. அதனால லூசாக் கட்டினு வரட்டா?"

கூட்டமே சிரித்தது. நானும் சிரித்தேன். வண்டியில் திரும்பும்போதுதான், அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று உறைத்தது. நான் சொன்னதில் பாதியை எடுத்துக்கொண்டு மீதியை வீட்டுக்கு விட்டுக்கொடுத்திருந்தார். நல்ல விஷயங்கள் பெரும்பாலும் இப்படிப் பாதியாகத்தான் போய்ச் சேர்கின்றன. அந்தப் பாதி சில நேரம் என்ன செய்யும் என்று எனக்கு அப்போது தெரியாது.

ஜன்னலோரக் குழாய்கள்

அந்த ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். சின்ன ஆஸ்பத்திரி. சிகிச்சை அறை ஜன்னலைத் திறந்தால் ராஜகிரி மலை தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் கோட்டை ஏறி முட்டியைச் சிராய்த்துக்கொண்ட வெளியூர்க்காரர்கள் வருவார்கள். மற்ற நாட்களில் காய்ச்சல், சர்க்கரை, பிரசவம், பாம்பு.

அந்த ஜன்னல் கட்டையில் ஒரு மரச் சட்டம். அதில் தலைகீழாகக் கவிழ்த்த கண்ணாடிக் குழாய்கள். காலை வெயில் பட்டால் சுவரில் சின்னச் சின்னதாக ஒளி ஆடும். அவை தனம் அக்காவின் சொத்து. தனலட்சுமி என்பது முழுப் பெயர். மூத்த நர்ஸ். நான் பிறப்பதற்கு முன்பே வெள்ளை உடுப்பு போட்டவர்.

அந்தக் குழாய்களுக்கு ஒரு கதை இருந்தது. கண்ணாடிவிரியன் மாதிரிப் பாம்பு கடித்தால் ரத்தம் உறையும் தன்மையை இழந்துவிடும். அதைக் கண்டுபிடிக்க மெஷின் வேண்டாம், கரண்ட் வேண்டாம். கொஞ்சம் ரத்தத்தை ஒரு கண்ணாடிக் குழாயில் ஊற்றி, இருபது நிமிஷம் ஆட்டாமல் நிறுத்திவைத்து, ஒரு தடவை சாய்த்துப் பார்த்தால் போதும். கெட்டியாகியிருந்தால் மூச்சு விடலாம். ஓடினால் விஷம் ரத்தத்தில் வேலை செய்கிறது. விஷமுறிவு மருந்தை உடனே ஏற்ற வேண்டும். இவ்வளவு எளிமையான, இவ்வளவு அழகான சோதனையை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் என்னை நிறுத்துவது கஷ்டம்.

பல வருஷத்துக்கு முன்னால் நடந்த ஒரு பயிற்சியில் தனம் அக்காவுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்: குழாய் கண்ணாடியாக இருக்க வேண்டும், பிளாஸ்டிக் ஆகவே ஆகாது. அந்தச் சமயம் பார்த்து ஊரெல்லாம் பிளாஸ்டிக் ஆகிவிட்டது. ஸ்டோரில் கண்ணாடிக் குழாய் வருவது நின்றுபோனது. வேறு யாராக இருந்தாலும் கையில் கிடைத்த பிளாஸ்டிக்கில் ஊற்றியிருப்பார்கள். தனம் அக்கா விடவில்லை. மிச்சமிருந்த கண்ணாடிக் குழாய்களைத் தனியாக எடுத்துவைத்தார். ஒவ்வொரு முறையும் பிளீச்சிங் தண்ணீரில் ஊறவைத்து, சோப்புப் பவுடர் போட்டு, மெல்லிய பிரஷால் அடிவரைக்கும் தேய்த்து, வெந்நீரில் அலசி, வெயிலில் காயவைத்து எடுத்தார். உதவிக்கு வரும் பெண்கள் கைவைத்தால் கத்துவார்.

"தொட்டீன்னா கைய ஒடச்சிருவேன். இது போச்சின்னா வேற கிடையாது."

நான் போன ஆஸ்பத்திரிகளில், ஆராய்ச்சி சொன்னதை இவ்வளவு விடாப்பிடியாகக் காப்பாற்றிய ஆள் அவர் ஒருவர்தான். அவரைப் போட்டோ எடுத்து எங்கள் அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறேன். பின்னால் அந்தக் குழாய்கள் மின்னும்.

பாம்பு மாதிரி இருந்துது

மல்லாட்டை பிடுங்கும் பருவம். வெயில் ஏறாத நேரம். சிங்கவரத்திலிருந்து ஏழுமலை மொபெட்டில் காசியம்மாளைப் பின்னால் உட்காரவைத்து, நடுவில் ஒரு பையனைப் போலத் தலையணை ஒன்றையும் செருகிக்கொண்டு வந்து இறங்கினார். கால் ஆடக் கூடாதென்று தலையணையாம். நான் கூட்டத்தில் சொன்னதுதான். காலில் கட்டும் போடவில்லை. எனக்குள் ஒரு சந்தோஷம். பாம்பு கடித்தவரைப் பார்த்துச் சந்தோஷப்படுகிற வேலை என்னுடையது.

டாக்டர் இளங்கோ வந்தார். அங்கே சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர், அவ்வளவுதான்.

"பாம்ப பாத்தீங்களாம்மா?"

"பாத்தேன்."

"எப்படி இருந்துச்சு?"

"நீளமா இருந்துது. பாம்பு மாதிரி இருந்துது." காசியம்மாள் நெற்றியைச் சுளித்தார். "நின்னு பேசிட்டா சார் வர முடியும்? செடியத் தூக்கினேன், சுருக்குன்னுது, அது ஒரு பக்கம் ஓடுச்சி, நான் ஒரு பக்கம் ஓடினேன்."

கணுக்காலுக்கு மேலே பல் பட்ட தடம். சுற்றிலும் லேசான வீக்கம். ஈறில் ரத்தம் இல்லை. கண் இமை தொங்கவில்லை. டாக்டர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். தனம் அக்கா ஜன்னலிலிருந்து ஒரு குழாயை எடுத்து, வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்து, ரத்தத்தை ஊற்றி மேஜையில் நிறுத்தினார்.

நேரம் முடிந்தது. சாய்த்தார். ஓடியது.

"விஷம் ஏறியிருக்கு. மருந்து போட்டாகணும்" என்றார் டாக்டர்.

காசியம்மாள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"போடக் கூடாது."

அப்போதுதான் எங்களுக்கு முழுக்கதையும் தெரிந்தது. சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு அறுவடையில் அவரைப் பாம்பு கடித்திருக்கிறது. இதே ஆஸ்பத்திரி, இதே கட்டில். மருந்து ஏறிக் கொஞ்ச நேரத்தில் உடம்பெல்லாம் தடித்து, தொண்டை அடைத்து, மூச்சு நின்றுபோகும் நிலைக்குப் போய்விட்டார். விஷமுறிவு மருந்து சிலருக்கு அப்படிச் செய்யும். அதற்கு மாற்று ஊசி போட்டு, அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காப்பாற்றியிருக்கிறார்கள்.

"பாம்பு கடிச்சி நான் சாவல சார். உங்க ஊசியிலதான் சாவப் பாத்தேன். பெரியவ பரீட்ச எழுதாம வந்து எங்கால்மாட்டுல உக்காந்துனு இருந்தா. இன்னொரு வாட்டி அத என்னால பாக்க முடியாது."

ஏழுமலை தலையணையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "சும்மா கெட. சார் சொல்றாரில்ல."

"நீ படு அப்ப. உனக்குப் போடட்டும்."

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். மருந்து போட்டால் பழையபடி ஆகலாம். அதற்கான மாற்று ஊசியைக் கையிலேயே வைத்துக்கொள்வேன். போடாவிட்டால் உள்ளே ரத்தம் கசியும், சிறுநீரகம் போகும், உயிரே போகும். இரண்டு பக்கமும் அவர் உயிர்தான் இருந்தது. நடுவில் தீர்ப்புச் சொல்ல அந்த ஒரு குழாய் மட்டும்.

"சும்மா குழாய ஆட்டிக் காட்டினா நான் நம்பணுமா? ரத்தம்னா ஓடத்தான் செய்யும்" என்றார் காசியம்மாள்.

நான் கையை நீட்டினேன்

எனக்கு எப்போதும் வாய்க்கு முன்னால் கை வந்துவிடும். சட்டையின் கையைச் சுருட்டிக்கொண்டு முன்னால் போய் நின்றேன்.

"என் ரத்தத்த எடுங்கக்கா. நல்லா இருக்கிற ரத்தம் எப்படிக் கெட்டியாகுதுன்னு அவங்களே பாக்கட்டும். பாத்துட்டு அப்புறம் முடிவு பண்ணட்டும்."

டாக்டர் தலையசைத்தார். மருந்துப் பொடியைக் கரைக்கவே நேரம் பிடிக்கும். அதுவரை அவரும் ஒன்றும் செய்ய முடியாது. தனம் அக்கா அடுத்த குழாயை எடுத்தார்.

என் ரத்தம் மேஜையில் நின்றது. நான் எதிரே ஸ்டூலில். அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்ததில் எனக்கு எங்கள் பள்ளிக்கூடத்து வேதியியல் ஆய்வகம் ஞாபகம் வந்தது. உப்பும் அமிலமும் கலந்த அந்த மூக்கை அரிக்கும் வாசனை. குமரேசன் சார். அவரிடம் எப்போதும் ஒரு புதுப் பெட்டி சோதனைக் குழாய் பீரோவில் இருக்கும். வைக்கோலும் பழைய பேப்பரும் சுற்றி, வந்த மேனிக்கு இருக்கும். அதைத் திறக்கவே மாட்டார். எங்களுக்கு விளிம்பு உடைந்த பழைய குழாய்கள்தான். கேட்டால், "பப்ளிக் பிராக்டிகலுக்கு வேணும்" என்பார். பப்ளிக் பிராக்டிகல் வந்தது. அன்றைக்கும் பழைய குழாய்தான். அந்தப் பெட்டியில் ஒன்றுமே இல்லை, சார் சும்மா பூட்டிவைத்திருக்கிறார் என்று எங்கள் வகுப்பில் ஒரு கட்சியே இருந்தது.

இதையெல்லாம் நினைத்து நான் சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் தனம் அக்கா குழாயைச் சாய்த்தார்.

மீதியை முதலிலேயே சொல்லிவிட்டேன். ஓடியது.

சுவரில் இல்லாத வார்த்தை

"ஏதாவது மாத்திரை சாப்புடறீங்களா? ரத்தம் உறையாம இருக்க?" டாக்டர் என் நாடியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"காலைல ரெண்டு இட்லி. அவ்ளோதான்."

"அடிபட்டா ரத்தம் நிக்குதா?"

ஊசி குத்திய இடத்தில் வைத்த பஞ்சை எடுத்துக் காட்டினேன். அங்கே ரத்தம் எப்போதோ நின்று, சின்னப் புள்ளியாகக் காய்ந்திருந்தது. என் கையில் உறைந்த ரத்தம், குழாயில் உறையவில்லை.

டாக்டர் அந்தப் புள்ளியைப் பார்த்தார். குழாயைப் பார்த்தார். காசியம்மாளிடம் போய் அவர் கையிலிருந்த பஞ்சை எடுத்தார். அங்கேயும் காய்ந்த புள்ளி.

நான் போனில் பாம்புக்கடிச் சிகிச்சை வழிகாட்டியைத் திறந்தேன். நீளமானது. நாங்கள் எல்லோரும் அதன் சுருக்கத்தையும், சுருக்கத்தின் சுருக்கத்தையும் வைத்துத்தான் வேலை செய்வோம். சோதனையைப் பற்றிய பக்கத்தில், கட்டத்துக்குக் கீழே, பொடி எழுத்தில் இருந்தது. குழாய் புதியதாக இருக்க வேண்டும். சோப்புப் போட்டுக் கழுவிய குழாயில் நல்ல ரத்தமும் உறையாமல் போகலாம்.

இந்தச் சோதனையில் கண்ணாடியின் பரப்பு பட்டதும்தான் ரத்தம் உறையத் தூண்டப்படுகிறது. சோப்பு அந்தப் பரப்பை மழுக்கிவிடுகிறது. எவ்வளவு அலசினாலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். இது நேற்றுக் கண்டுபிடித்ததல்ல. நான் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே புத்தகத்தில் ஏறியது.

நான் சத்தமாகத் தமிழில் சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரலே எனக்கு அந்நியமாகக் கேட்டது. எங்களுக்குப் பின்னால், சுவரில், அதே சோதனையைப் பற்றிய போஸ்டர். 'சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாய்' என்று கொட்டை எழுத்தில். 'புதிய' என்ற வார்த்தை அதில் இல்லை. எந்த ஊரில், எந்த மேஜையில், இடம் போதவில்லை என்று யார் அதை எடுத்தார்களோ.

ஆராய்ச்சியிலிருந்து வழிகாட்டிக்கு, வழிகாட்டியிலிருந்து சுருக்கத்துக்கு, சுருக்கத்திலிருந்து சுவருக்கு. அங்கேயிருந்து தனம் அக்கா குழாய் கழுவும் தொட்டிக்கு. இவ்வளவு தூரம் நடந்து வந்ததில் ஒரே ஒரு வார்த்தை வழியில் விழுந்துவிட்டது. மற்றதையெல்லாம் அவர் அட்சரம் பிசகாமல் செய்திருந்தார்.

தனம் அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். மரச் சட்டத்தின் மேல் கை வைத்திருந்தார். குழாய்கள் லேசாகக் கிணுகிணுத்தன.

"இப்ப இன்னா பண்றது?" என்றார் ஏழுமலை. "விஷம் இருக்குதா, இல்லயா?"

"தெரியல" என்றார் டாக்டர். ஒரு டாக்டர் அந்த வார்த்தையை அவ்வளவு நேராகச் சொல்லி நான் கேட்டதில்லை. "புதுக் குழாய் வேணும். அதுவரைக்கும் நான் இவங்க பக்கத்துலயே இருக்கேன். ஈறுல ரத்தம் வந்தா, வீக்கம் ஏறினா, கேக்காமலே மருந்த ஆரம்பிச்சிருவேன். இதுக்கு நீங்க ஒத்துக்கணும்."

காசியம்மாள் கட்டிலில் சாய்ந்துகொண்டார். "தெரியலன்னு சொன்னியே, அதுக்காக ஒத்துக்கறேன்."

குமரேசன் சாரின் பீரோ

எதிரே இருந்த மருந்துக் கடையில் கேட்டேன். "கண்ணாடியா? இப்ப யாரு மேடம் அதெல்லாம்?" அடுத்த கடையில் கேட்கவில்லை. வண்டியை நேராகப் பள்ளிக்கூடத்துக்கு விட்டேன்.

குமரேசன் சார் ஆய்வகத்தில் இருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. மேஜையில் அதே விளிம்பு உடைந்த குழாய்கள்.

"சார், அந்தப் புதுப் பெட்டி வேணும்."

"எந்தப் பெட்டி?"

"பீரோவுல இருக்கிற பெட்டி சார். நீங்க திறக்கவே மாட்டீங்களே."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "நீ ஜெனிதான? ஹெச்.எம். கிட்ட லெட்டர் வாங்கினு வந்தியா?"

"சார், ஆஸ்பத்திரில ஒரு அம்மா படுத்திருக்காங்க. பாம்பு கடி. புதுக் கண்ணாடிக் குழாய் இல்லன்னா அவங்களுக்கு மருந்து போடறதா வேணாமான்னு தெரியாது."

"பழசு தரேன். நல்லாக் கழுவி..."

"கழுவினது வேணாம் சார்."

நான் கத்தியிருக்க வேண்டும். பின்வரிசை மாணவிகள் நிமிர்ந்தார்கள். சார் ஒன்றும் கேட்காமல் இடுப்புச் சாவியை எடுத்தார். பூட்டு திறக்க மறுத்தது. எண்ணெய் விட்டு, குலுக்கி, ஒரு வழியாகத் திறந்தார். பெட்டி இருந்தது. வைக்கோலுக்கு நடுவில், பழுப்பேறிய பேப்பர் சுற்றி, ஒரு விரலும் படாத குழாய்கள் வரிசையாக. எங்கள் வகுப்பின் அந்தக் கட்சிக்காரர்கள் பார்த்திருக்க வேண்டும்.

"மீதிய திருப்பிக் கொண்டாந்துரு. பப்ளிக் பிராக்டிகல் வருது" என்றார்.

இரண்டு குழாய்கள்

இரண்டு குழாய்களை நிறுத்தினோம். ஒன்றில் என் ரத்தம், ஒன்றில் காசியம்மாளுடையது. குழாய் நம்பத் தக்கதா என்று என் ரத்தம் சொல்லும்; அதன் பிறகுதான் மற்றதன் பேச்சைக் கேட்கலாம். டாக்டர் கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்து, அடிக்கடி ஈறைப் பார்த்தார்.

"பல்லக் காட்டிக் காட்டி வாய் வலிக்குது சார். கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்க வந்தப்பகூட இவ்ளோ காட்டல" என்றார் காசியம்மாள்.

ஏழுமலை அன்று முதல் முறையாகச் சிரித்தார். சிரித்துவிட்டுத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நேரம் ஆனது. தனம் அக்கா மேஜைப் பக்கம் வரவில்லை. டாக்டரைப் பார்த்து, "நீங்களே சாய்ச்சிப் பாருங்க சார்" என்றார்.

டாக்டர் முதலில் என்னுடையதைச் சாய்த்தார். அசையவில்லை. கருஞ்சிவப்பாக, இறுகி, அடியில் உட்கார்ந்திருந்தது. என் ரத்தத்தை நான் அவ்வளவு ஆசையாகப் பார்த்ததில்லை.

பிறகு காசியம்மாளுடையது. சாய்த்தார். இன்னும் சாய்த்தார்.

அதுவும் அசையவில்லை.

விஷமில்லாத பாம்பாக இருக்கலாம். விஷப் பாம்பே கடித்தும் விஷம் இறங்காமல் இருக்கலாம். டாக்டர் நாள் முழுவதும் அவரை அங்கேயே வைத்திருந்து, புதுக் குழாயில் திரும்பத் திரும்பப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் உறைந்தது. கரைத்து வைத்த மருந்தை ஏற்ற வேண்டியிருக்கவில்லை. ஏற்றியிருந்தால் அந்தத் தொண்டை மறுபடி அடைத்திருக்கலாம்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

முதல் முறை குழாய் அசையாமல் நின்றபோதே காசியம்மாள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கேட்டார்:

"அப்போ போன வாட்டி?"

டாக்டர், "அப்ப நான் இங்க இல்லம்மா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். போன முறை நிஜமாகவே விஷம் இருந்திருக்கலாம். இல்லாமலும் இருந்திருக்கலாம். அதை இனி உலகத்தில் எந்தக் குழாயும் சொல்லாது.

தனம் அக்காதான் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்தார்.

"போன வாட்டியும் இந்த டியூபுதாம்மா. நான் கழுவினதுதான். உனக்கு ஓடுச்சி, அதப் பாத்துத்தான் மருந்து போட்டாங்க. நான்தான் சாய்ச்சிக் காட்டினேன்."

காசியம்மாள் கையை நீட்டினார். தனம் அக்கா சட்டத்திலிருந்து ஒரு குழாயை எடுத்துக் கொடுத்தார். காசியம்மாள் அதை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். உள்ளே பார்த்தார். விரலால் விளிம்பைத் தடவினார். அவர் திட்டுவார், குழாயைச் சுவரில் வீசுவார் என்று எதிர்பார்த்தேன். வீசியிருந்தால் தேவலை.

"எங்க ஊட்டு டம்ளருகூட இவ்ளோ பளபளன்னு இருந்ததில்லயே" என்றார். திருப்பிக் கொடுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் புரண்டு படுத்துக்கொண்டார்.

தனம் அக்கா அந்த மரச் சட்டத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்தபோது கை காலியாக இருந்தது. ஜன்னல் கட்டையில் சட்டம் இருந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது.

ஒரு போன்

குமரேசன் சாருக்கு மீதியைத் திருப்பித் தரவில்லை. வேறு பெட்டி வாங்கிக் கொடுத்தேன். அதையும் அவர் பூட்டிவைத்துவிட்டார். எங்கள் அலுவலகம் போஸ்டரைத் திருத்தி அச்சடிக்க ஏற்பாடு செய்தது. சுற்று வட்டாரத்து ஆஸ்பத்திரிகளின் பட்டியலோடு நான் கிளம்பத் தயாரானேன். போகிற இடத்தில் முதலில் தொட்டியைப் பார்ப்பது, பிறகு ஜன்னலைப் பார்ப்பது என்று முடிவு செய்திருந்தேன்.

சில வாரங்கள் போயிருக்கும். மதியச் சாப்பாட்டு நேரம். தெரியாத நம்பர்.

"ஜெனி பாப்பாவா? காசியம்மா பேசறேன்."

"சொல்லுங்கம்மா. உடம்பு எப்படி இருக்குது?"

"எனக்கு ஒண்ணும் இல்ல. என் நாத்தனார பாம்பு கடிச்சிருச்சி." நாத்தனாருடைய ஊர் ஆஸ்பத்திரியின் பெயரைச் சொன்னார். என் பட்டியலில் கடைசிப் பக்கம். "கட்டல. ஆடாமத் தூக்கினு வந்தோம். ரத்தம் எடுக்க நர்ஸம்மா வந்துது. டியூபு புதுசான்னு கேட்டேன்."

எனக்குக் கையில் பிசைந்த சோறு அப்படியே நின்றது.

"என்ன சொன்னாங்க?"

"பயப்படாதம்மா, நல்லா சோப்பு போட்டுக் கழுவி, வெயில்ல காயவெச்சதுதான்னு சொல்லுது. அங்க ஜன்னல்ல வரிசையா கவுத்து வெச்சிருக்குது, பாப்பா. அதே மாதிரி மினுக்குது."

பின்னால் யாரோ, "இன்னாம்மா, ரத்தம் எடுக்க உடுவியா மாட்டியா" என்று கேட்பது காதில் விழுந்தது.

"நீ வரியா," என்றார் காசியம்மாள், "இல்ல, நானே சண்ட போடட்டுமா?"

"சண்டய ஆரம்பிச்சிருங்க" என்றேன். கை கழுவாமல் வண்டிச் சாவியை எடுத்தேன். புதுக் குழாய்ப் பெட்டி சீட்டுக்கு அடியில் இருந்தது.